கட்டம் போட்ட சட்டை

"அன்னைக்கு நீ என்ன போட்டிருந்தே?"

நடந்ததை அழுதுகொண்டே சொல்லி முடித்ததும் நொயெமியிடம் அவள் சின்னம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்போது நொயெமி ஆரஞ்சுக் கொட்டகையில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஊர்க் கல்லூரியின் நூலகத்தில் வேலை. அதே கேள்வி இன்று நூலகச் சுவரில், நாளை திறக்கப்போகும் கண்காட்சியின் தலைப்பாகப் பெரிய எழுத்தில் இருந்தது.

தலைப்புக்குக் கீழே வரிசையாக உடைகள். ஒரு நர்ஸ் உடுப்பு, ஒரு கால்பந்து பனியன், ஒரு குழந்தைக்கான பூப்போட்ட கவுன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் பெயர் கிடையாது, பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவர் எழுதிய ஒன்றிரண்டு வரிகள் மட்டும்.

கடைசி ஆணியில் நொயெமி நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டினாள். கை கொஞ்சம் நீளமாக இருந்ததால் ஒரு மடிப்பு மடித்துவிட்டு, கழுத்துப் பட்டையில் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் இழையைப் பல்லால் கடித்துத் துப்பினாள். போன கண்காட்சியில் ஒரு சால்வை காணாமல் போயிருந்தது. அதனால், வெளியே கொண்டுபோனால் வாசல் கருவி அலறும்படி புத்தகங்களுக்குள் ஒட்டும் காந்தப் பட்டை ஒன்றை எல்லா உடைகளையும் போல இதன் உள்தையலிலும் செருகினாள்.

அட்டையில் இருந்தது இதுதான்: "பனி அதிகமா இருக்கு, வண்டியில கொண்டுபோய் விடறேன்னார்."

அது தன் கதை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களைப் போல, கண்காட்சிக்காக வைத்திருந்த பெட்டியில் அட்டையைப் போட்டதோடு சரி.

நூலகத் தலைவி லொரெய்ன் வேகமாக வந்தாள். கல்லூரி நிர்வாகக் குழுவின் புது உறுப்பினர் நூலகத்தைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறாராம். "வேட் ஹாலரன். உன் வேலையை நிரந்தரமாக்கற ஃபைல் அவங்ககிட்டதான் போகுது. கொஞ்சம் சிரிச்ச முகமா இரு, நொயெமி."

கொட்டகையில் சூப்பர்வைசராக இருந்தவர் வேட் ஹாலரன். அன்று வந்த வண்டியும் அவருடையதுதான்.

சட்டையைக் கழற்றிவிடலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது. நொயெமி ஓடிப்போய்த் தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஹாலரனுக்குத் தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. லொரெய்ன் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாணவர்களுக்கு இரவல் கொடுக்கும் மடிக்கணினிகள், படிப்பு அறைகள், மருத்துவம் சார்ந்த வகுப்புகளுக்கான எலும்புப் பெட்டி. "புத்தகத்தைத் தவிர எல்லாம் இருக்கு போல" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

கண்காட்சிச் சுவருக்கு வந்ததும், அந்த உடைகளை எப்படிச் சேர்த்தார்கள் என்று லொரெய்ன் சொல்ல ஆரம்பித்தாள். அவருடைய போன் அடித்தது. முதுகைக் காட்டி நின்று பேசி முடித்துவிட்டுத் திரும்பியவரின் கண் கடைசி ஆணியில் நின்றது. அட்டையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

பிறகு மேசைக்கு வந்தார். "உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

"சின்ன ஊர்தானே சார்" என்றாள் நொயெமி. தலையை நிமிர்த்தவில்லை. அவர் பார்வை அவள் மார்பில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் ஊர்வது தெரிந்தது.

லொரெய்ன் விடைகொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். வாசல்வரை போன ஹாலரன், தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே திரும்பினார். தொப்பி அவர் தலையில்தான் இருந்தது.

நூலகத்தில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே, அன்று போலவே, பனிமூட்டம் வண்டிகளை எல்லாம் விழுங்கியிருந்தது. அலமாரிகளுக்குப் பின்னால் காலடிச் சத்தம் போனது, நின்றது, திரும்பி வந்தது. நொயெமி மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வெளியேறும் வழியைத் தாண்டும்போது அங்கிருந்த கருவி அலறியது.

அலறினால் கையில் இருப்பதைக் காட்டச் சொல்வது மேசையில் இருப்பவரின் வேலை. எத்தனையோ மாணவர்களிடம் கேட்டிருக்கிறாள். இப்போதும் எழுந்து போனாள்.

"ஜாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க, சார்."

மடித்துப் பிடித்திருந்த ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நீலக் கட்டம் எட்டிப் பார்த்தது. அவர் அதை உள்ளே தள்ளிவிட்டு அவள் முகத்துக்கு அருகே குனிந்தார்.

"உன் ஃபைல் எங்ககிட்ட வருதுன்னு தெரியும்ல?"

அவள் பின்வாங்கினாள். மேசை முதுகில் இடித்தது. கருவியின் சத்தம் கேட்டு லொரெய்ன் அறையிலிருந்து வருவது அவர் தோளுக்கு மேலே தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. அவர் உதடுகள் நடுங்குவதை நொயெமி அப்போதுதான் கவனித்தாள்.

"இத்தனை வருஷமா இதைத் துவைக்காம வச்சிருந்தியா?" அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "ஒரு சொட்டுக் கறை இருந்தாக்கூட இப்ப யாருன்னு கண்டுபிடிச்சிடறாங்க. யாருகிட்ட குடுக்கப் பார்த்தே? சொல்லு."

லொரெய்ன் அவருக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

நொயெமி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"அந்தச் சட்டையைச் சின்னம்மா அன்னைக்கே கொளுத்திட்டாங்க, சார். இங்க மாட்டியிருக்கிறது எதுவுமே அசல் இல்ல, அதே மாதிரி தேடி வாங்கினது. இது போன வாரம் நான் பழைய துணிக்கடையில வாங்கினது."

ஹாலரன் மெல்லத் திரும்பினார். லொரெய்னைப் பார்த்தார். சட்டை அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பனிக்குள் இறங்கிப் போனார்.