ஏறுமுகம்

"மூணு டோஸையும் தனித்தனியா ஒப்பிட்டுப் பாத்தாச்சு. எதுலயும் பிரச்சினை இல்ல. அதோட விடுங்க மேடம்," என்றார் மருந்துப் பிரிவின் தலைவர்.

விடுகிற ஆளா நான்?

எலிகளுக்கு மருந்தைக் கொடுத்து, அவற்றின் செல்களில் மரபணு எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று எண்ணுவது ஆய்வகத்தின் வேலை. உடைத்தது மருந்துதானா, இல்லை தற்செயலா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

சின்ன டோஸில் உடைசல் துளி கூடியிருந்தது. நடு டோஸில் இன்னும் கொஞ்சம். பெரிய டோஸில் அதற்கும் மேல்.

ஒவ்வொன்றையும் தனியாக, மருந்தே கொடுக்காத எலிகளோடு ஒப்பிட்டால், தற்செயல் என்று சொல்லி மருந்து தப்பித்துவிடும். மூன்றையும் வரிசையில் நிறுத்தி, டோஸ் ஏற ஏற உடைசலும் ஏறுகிறதா என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அப்படியும் பார்ப்பது என்று எலிக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தோம். அவரும்தான் தலையாட்டினார். எண்கள் வந்த பிறகு முறையை மாற்றினால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, கண்கட்டு வித்தை.

"இதுக்காகக் காத்திருக்கிற பிள்ளைங்கள நெனச்சுப் பாத்தீங்களா?" அவர் குரல் உடைந்துவிட்டது.

தசை தளர்ந்துகொண்டே போகும் பிள்ளைகள். போன வருஷம் ஏறிய படியை இந்த வருஷம் ஏற முடியாதவர்கள். இதை விட்டால் அவர்களுக்கு வேறு மருந்து இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நினைக்காமலா உட்கார்ந்திருக்கிறேன்? வருஷக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை. இன்றைக்குக் கால்களைக் காப்பாற்றிவிட்டு, உடைந்த மரபணு வழியாக நாளைக்குப் புற்றுநோயைக் கையில் கொடுத்தால்?

"அவங்களை நெனச்சுதான் சார் பாக்கறேன்."

கணினியில் கணக்கை ஓட்டும் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் பதில் வந்தது. தற்செயல் இல்லை. ஏறுமுகம்தான்.

அவர் கத்தவில்லை. சட்டையின் கையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மேலிடத்துக்கு அவரே போன் செய்து, மருந்தை நிறுத்தச் சொன்னார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது.

சாயங்காலம் காரை அவர்தான் ஓட்டினார். சாரும் மேடமும் ஆபீஸ் வாசலோடு சரி.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினோம். சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தார். நான் மகளைத் தூக்கிப் பின் இருக்கையில் உட்கார வைத்தேன். போன மாதத்தைவிட லேசாக இருந்தாள்.

"அப்பா, என் மருந்து பாஸா?"

அவர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். வண்டி கிளம்பவில்லை.

"ஃபெயில்டா கண்ணு," என்றேன். "அம்மாதான் ஃபெயில் போட்டேன்."