ஒரு தீப்பெட்டி

பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. புளியமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சமாதி. மேலே பச்சைத் துணி, தலைமாட்டில் குங்குமம், காலடியில் எலுமிச்சம்பழம். இணையத்தில் பலரும் சேர்ந்து போடும் வரைபடத்தில் இதையும் ஏற்றிவிட, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஜிபிஎஸ் கருவியோடு வந்து நிற்கிறான் முதாசிர். இடத்தைக் குறித்தாயிற்று, என்ன மதம் என்றுதான் போட வேண்டும். கிபாயத்துல்லா பாய் ஊதுபத்தி கொளுத்துகிறார். பக்கத்தில் அகல்விளக்கோடு நிற்கும் காந்திமதியக்காவிடம் வழக்கம்போலத் தீப்பெட்டியை நீட்டுகிறார்.

“பாய், இது தர்காவா, கோயிலா?” என்கிறான் முதாசிர்.

நீட்டிய கை பாதியில் நிற்கிறது. “இன்னாத்துக்குக் கேக்குற?”

“மேப்ல போடணும் பாய். ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும்.”

“தர்கான்னு போடு. இதுல இன்னா சந்தேகம்?”

“இன்னா பாய், இப்டி சொல்லிட்ட?” அக்காவின் குரல் உயர்கிறது. “அய்யா கோயில்னுதானே நான் இம்மா வருசமா வெளக்கேத்திகினு கீறேன்!”

லாரி ஒன்று புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போகிறது. பச்சைத் துணி படபடக்கிறது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வருகிறார்கள். “வுட்டுடுங்க பாய், நான் போடலை” என்று கருவியை அணைக்கிறான் முதாசிர். அவனை யாரும் பார்க்கவில்லை. பாய் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். அக்கா, ஏற்றாத விளக்கைச் சமாதிமேல் வைத்துவிட்டு, எதிர்ப் பெட்டிக்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறாள்.