மாரிகோல்டின் முதல் முழக்கம்

காலை ஏழு மணியாகியும் பனி விலகவில்லை.

மாரிகோல்ட் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலின் கீழ்த்தளம். வலப்பக்கத்து இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே பாய்த்துணியால் ஒரு மறைப்பு. அதற்குள் கெரன்ஸா முனகிக்கொண்டிருந்தாள். நேற்று மாலை கண்ட வலி. பிள்ளை இறங்கவில்லை.

மறைப்புக்கு வெளியே அவள் கணவன் ஜோசயா நின்றான். கப்பலின் தலைமைப் பீரங்கிக்காரன். பதினோரு வருடத்தில் எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

அவன் குற்றமில்லை. மாரிகோல்ட் எந்தப் போருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. அதன் ஆட்கள் பிளிமத் துறைமுகத்துச் சாராயக்கடைக்குள் நுழைந்தாலே மற்ற கப்பல்காரர்கள் எழுந்து வரவேற்பார்கள்.

"வாங்கண்ணே, வாங்க! சண்டை நேத்தே முடிஞ்சிருச்சு!"

மருத்துவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ரொம்பக் களைச்சுட்டாப்பா. இனி பீரங்கிதான் வழி. அந்த அதிர்ச்சியில இறங்கினாத்தான் உண்டு."

கப்பலில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு அதுதான் கடைசி வைத்தியம்.

ஜோசயா மேல்தளத்துக்கு ஓடினான். கேப்டன் யோசிக்கவில்லை.

"இடப்பக்கம் அத்தனையும் சுடு. வெடிமருந்து மட்டும் போடு, குண்டு வேண்டாம்."

ஜோசயா கீழே ஓடி வந்து கட்டளை கொடுத்தான்.

இடப்பக்கத்துப் பீரங்கிகளின் முழக்கம் கப்பலையே ஒரு முறை தூக்கிப் போட்டது. மேலே கூண்டுக் கோழிகள் அலறின. கண்ணை மறைத்தது புகை.

மறைப்புக்குள் சத்தமே இல்லை.

மறுபடி மருந்து அடைக்கச் சொல்ல ஜோசயா வாயெடுத்தான். அப்போது பிள்ளை வீறிட்டது.

"பொட்டப்புள்ள! ஆத்தாளுக்கும் ஒண்ணுமில்ல!" மருத்துவர் உள்ளிருந்து கத்தினார்.

முந்நூறு பேர் தொப்பியை வீசிக் கூவினார்கள். ஜோசயா அப்படியே பீரங்கிமேல் சாய்ந்து அழுதான். பீரங்கியின் சூடும் உறைக்கவில்லை.

மேல்தளத்தில் கூச்சல் சட்டென்று அடங்கியது. அவன் ஏறிப் போய்ப் பார்த்தான்.

பனி கிழிந்திருந்தது. இடப்பக்கம், கூப்பிடு தூரத்தில், எதிரியின் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று. சரணடைவதற்கு அடையாளமாக அதன் கொடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் அதன் தளபதி படகில் வந்து ஏறினார். வாளை உருவி, இரு கைகளாலும் கேப்டனிடம் நீட்டினார்.

"ராத்திரி முழுக்க விளக்கணைச்சு, மூச்சு விடாம ஒளிஞ்சிருந்தோம். இந்தப் பனியில எங்கள எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"