நாற்பத்தைந்தாவது ஜன்னல்

ஊர்க் கடிகாரங்களையெல்லாம் பழுதுபார்த்துக் கொடுக்கிறவருக்கு எண்ணிக்கை தப்புமா? முழ நீள மாதிரி விமானம் ஒன்றுக்கு நிறமில்லாத வார்னிஷ் அடிக்குமுன், பக்கத்துக்கு இருபத்திரண்டாக நாற்பத்து நான்கு ஜன்னல்களையும் பொட்டுப் பொட்டாக டேப் ஒட்டி மறைத்திருந்தார். மூன்று பூச்சும் காய்ந்து, விமானம் கண்ணாடிபோல் மின்னியது. இடுக்கியால் டேப்பை உரித்துக் காகிதத்தில் வரிசையாக ஒட்டி எண்ணினார். நாற்பத்தைந்து இருந்தது.

"ஒண்ணு கூட வருதே!"

மகள் வீட்டிலிருந்து இதே ரக விமானத்தில் முந்தின நாள் திரும்பியிருந்த மனைவி, பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். "குறைஞ்சாத்தானே தேடணும்? விடுங்க."

மறுபடியும் எண்ணினார். வலது பக்கம், வால் ஓரமாக, நேற்றுவரை வெறும் பிளாஸ்டிக்காக இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் மட்டும், நிஜ விமானத்தில்போல், உள்பக்க மறைப்பு இறக்கியிருந்தது.

"கடைசி வரிசையில வலப்பக்கம் ஜன்னலே கிடையாதே!"

"ஏன் கிடையாது? நான் உக்காந்து வந்ததே அங்கதான்."

கடிகார லென்சைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். மறைப்பு மெல்ல மேலே ஏறியது. பாதியில் நின்றது. படக்கென்று இறங்கிவிட்டது.

அவர் நிமிரவில்லை. "அந்த ஜன்னல்ல என்ன தெரிஞ்சுச்சு?"

மனைவி ஒரு துண்டை உதறி மடித்தாள். "சொன்னா சிரிப்பீங்க. ஒரே ஒரு தடவைதான் தூக்கிப் பாத்தேன். மேகத்தையே காணோம். ஜன்னல் பூரா ஒரு கண்ணு. பயந்துபோய் உடனே இறக்கிட்டேன். பாவம், அதுவும் ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டிருந்துச்சு."