வெறுந்தொட்டில்

ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியிருந்த கார்த்திகேசுவுக்கு, முன்பின் தெரியாத ஒரு பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஏற்றி எஸ்டேட் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகள் ரவாங் டவுனுக்குப் போன பிறகும் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் துணித்தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, அதை ஆட்டிக்கொண்டே கிடந்தார்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க லா, ஆகாது," என்றாள் மனைவி தனேஸ்வரி.

"நிறுத்துனா நெஞ்சு படபடன்னு வருது, தனம்."

பிறகு எடுத்த ஸ்கேனில் ஈரல் பழையபடியே இருந்தது. "ஏத்துற செல்லு எல்லாமே ஈரல்ல தங்காதும்மா. இவருக்கு ஒண்ணுகூட தங்கல போல. எங்க போச்சுன்னு எங்களுக்கே தெரியல," என்றார் டாக்டர்.

மறுநாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தொட்டிலைக் கழற்றிவிட தனேஸ்வரி நாற்காலியை இழுத்துப்போட்டாள். ஸ்பிரிங் நன்றாக இழுபட்டு, தொட்டில் தரையைத் தொடாத குறையாகத் தொங்கியது. பேத்தி படுத்திருந்தபோதுகூட இவ்வளவு இறங்கியதில்லை. எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது. கை கனத்தது.

கார்த்திகேசு விழித்துக்கொண்டார். "என்னா தனம்?"

தனேஸ்வரி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க," என்றவள், தரையில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள்.