அரித்த மண்

“குடிகாரனுக்கு மேல்வீட்டைக் குடுத்தது என்ர பிழை!”

யோகராணி கத்தியது பின்சந்து முழுக்கக் கேட்டது. கீழ்வீட்டில் அவள் நடத்தும் பிள்ளை பராமரிப்புக் கார்டரியில் நாலு வயது ரக்ஷனாவுக்கு உள்ளங்காலில் ஏழு தையல். பின்வளவு மண்ணுக்குள் உடைந்த போத்தில்.

“நான் குடியை விட்டு மூண்டு வருசம், பிள்ளை,” என்றார் வாடகைக்கு இருக்கும் பேரின்பநாதன்.

“ஆரண்ணை நம்புறது? இந்த வளவில வேற ஆர் குடிக்கிறது? என்ர மனுசனும் ஒருகாலத்தில குடிச்சவர்தான். இந்த வீட்டுக்கு வரமுதலே என்ர தாலியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவர். சாகுமட்டும் தொடேல்லை. அவர் மனுசன்!”

அவள் கணவர் அருமைராசா இறந்து எட்டு மாதம்.

பேரின்பநாதன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். “கார்டரி இன்ஸ்பெக்டர் எப்ப வாறார்?”

“வெள்ளிக்கிழமை. ஒரு துண்டு கிடந்தாலும் பூட்டிப்போடுவாங்கள். பேந்து நான் எப்பிடிச் சீவிக்கிறது?”

ஆறு நாள் இருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி ஜூலை முதலாம் திகதி வீடு மாறிய சனம் எறிந்த சாமான்கள் இன்னும் தெருவில் கிடந்தன. உடுப்பு காயவைக்கிற மெசின் ஒன்றை இழுத்து வந்து மோட்டரையும் பெல்ட்டையும் கழற்றினார். இரண்டு சைக்கிள் ரிம்மில் முயல்கூட்டு வலையைச் சுற்றி, மண் அரிக்கிற பீப்பாயாக்கினார். உடைந்த கட்டில்தான் கால்கள். ஆலை மூடும்வரை பத்தொன்பது வருடம் தையல் மெசின் திருத்திய கை.

சுவிட்சைப் போட்டதும் வலைப்பீப்பாய் சரிவாகச் சுழன்றது. மேல்வாயில் மண்ணைக் கொட்ட, மா மாதிரி மண் கீழே உதிர்ந்தது. கல்லும் கண்ணாடியும் உருண்டுபோய் வாளிக்குள் விழுந்தன.

முதல் நாள் அரை வாளி கண்ணாடி. வேலியோரம் போகப் போக இரண்டு, மூன்று.

“இவ்வளவும் குடிச்சிருக்கிறியளே!” யோகராணி தலையில் கைவைத்தாள்.

“நானில்லை பிள்ளை,” என்றார் மறுபடியும்.

வியாழன் பின்னேரம் கடைசி மூலை. போத்தில் துண்டுகளோடு ஏதோ ‘டங்’ என்று விழுந்தது. எடுத்துப் பெருவிரலால் துடைத்தார். மோட்டரை நிறுத்தினார்.

பின்கதவு திறக்கிற சத்தம். கையில் இருந்ததைக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார்.

“இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. ஆற்ற போத்தில்?”

திறந்த கதவுக்குள் அருமைராசாவின் படம் தெரிந்தது. மாலை போட்டு, முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“என்ரதான் பிள்ளை. பொய் சொல்லிப்போட்டன்.”

“அப்ப மாதமுடிவில வீட்டை விடுங்கோ.”

“ஓம்.”

வெள்ளிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் வெறுங்கையால் மண்ணை அள்ளிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் மறுபடியும் வளவில் ஓடினார்கள்.

மாதமுடிவில் பேரின்பநாதன் இரண்டு பெட்டியோடு இறங்கினார். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு பேஸ்மென்ட் அறை கிடைத்திருந்தது.

“குடியை விடுங்கோ அண்ணை,” என்றாள் யோகராணி, வாசலில் நின்று. “என்ர மனுசன் விட்டவர்தானே.”

“விடுறன் பிள்ளை.”

புது அறையில் முதலில் அரத்தைத்தான் எடுத்தார். பைக்குள் இருந்த சின்னச் சில்வர் டம்ளரை மடியில் வைத்து, அதில் வெட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினார்:

‘அருமைராசா – யோகராணி. திருமண நினைவாக. 1983.’