வெளியே தள்ளியவள்

“உங்க பொண்ணைக் கூப்பிடுங்க. நான் அவகிட்டதான் பேசணும்.”

கதவைத் திறந்த மாடிவீட்டுக்காரர் விழித்தார். கீழ்வீட்டுத் தையல்காரி இப்படிக் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை.

“என்னம்மா ஆச்சு?”

“பிள்ளைங்கல்லாம் சேர்ந்து போன்ல ஒரு கேம் விளையாடுதுங்களே, அதுலேர்ந்து என் பொண்ணை மட்டும் தூக்கி வெளியே போட்டுட்டா. ஒரு காரணம் சொல்லல. அது குப்புறப் படுத்து அழுதுட்டிருக்கு.”

தெருவில் ஓடிப் பிடித்து விளையாட அவள் மகளின் கால் ஒத்துழைக்காது. போன் விளையாட்டில்தான் அந்தக் குழந்தையும் ஓடியது.

உள்ளிருந்து பெரிய பெண் வந்தாள். பள்ளி இறுதி வகுப்பு. கழுத்தில் ஹெட்போன்.

“நான்தான் எடுத்தேன், ஆன்ட்டி.”

“திமிரைப் பாருங்க. ஏன்டி, நொண்டியோட விளையாடினா உனக்குக் கேவலமா?”

அந்த வார்த்தையை அவள் வாய் இதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு கோபம் இன்னும் ஏறியது.

“அங்க அவ கால் யாருக்குத் தெரியும் ஆன்ட்டி? எங்க எல்லாரையும் விட அவதான் வேகம்.”

“அப்புறம் என்ன கொழுப்பு?”

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“புதுசா ஒருத்தன் வந்து சேர்ந்தான். சின்னப் பையன் மாதிரியே பேசினான். உங்க பொண்ணுகிட்ட மட்டும், மஞ்சள் கவுன்ல நீ அழகா இருக்கேன்னான். எந்த ஸ்கூல், வேன் எந்த வாசல்ல நிக்கும், எல்லாம் அவனே சொன்னான். தெரிஞ்சவன்தான்னு நெனச்சு இவ வீட்டு நம்பரைச் சொல்ல ஆரம்பிச்சா. சட்டுனு அவளை எடுத்துட்டேன். அவனைப் பத்திப் புகார் கொடுத்திருக்கேன். அப்பா இப்பத்தான் வேலைலேர்ந்து வந்தாரு. அவரோட வந்து உங்ககிட்ட சொல்றதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க.”

தையல்காரி திரும்பி, கீழே தன் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

“நாளைக்கு வேற குரூப் போடுறோம். அவளுக்கு இடம் வெச்சிருக்கேன். வேற பேர்ல வரட்டும்.”

“எவன் அவன்? கையை ஒடிக்கணும். என் பிள்ளையைப் பத்தி அவனுக்கு யாரு சொன்னது? சொன்னவ எவளா இருந்தாலும் சும்மா விட மாட்டேன்.”

அந்தப் பெண் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

“அவ உங்க கடைப் பேர்லதான் விளையாடுறா, ஆன்ட்டி. நெட்ல அந்தப் பேரைப் போட்டா உங்க கடைப் பக்கம்தான் வருது.”

கடைக்கு மகளின் பெயரைத்தான் வைத்திருந்தாள். தைத்த ஒவ்வொரு கவுனையும் முதலில் மகளுக்குப் போட்டுத்தான் படம் எடுப்பாள்.

பாதிப் படியிறங்கி நின்று, கைப்பேசியில் கடையின் பக்கத்தைத் திறந்தாள். மஞ்சள் கவுனில், பள்ளி வாசலில், வேனுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றது குழந்தை. கீழே அவளே எழுதியிருந்தாள்: ‘எங்கள் குட்டி மாடல். தினமும் இங்கேதான் பார்க்கலாம்!’

அழித்தாள்.

நடுவில் ஒரு வாடிக்கைக்காரி அழைத்தாள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அடுத்த படத்தின்மேல் விரலை வைத்தாள்.